முந்துவணிகம் (ஃப்ரன்ட் ரன்னிங்): சொல் விளக்கம்

வாங்கவோ விற்கவோ ஒருவர் கொடுத்த ஆணை நிறைவேறும் முன்பே அதை அறிந்துகொண்ட மற்றொருவர், தம் ஆணையை அதற்கு முன்னால் நுழைத்து, அதனால் நகரும் விலையில் ஆதாயம் பார்ப்பதே ஃப்ரன்ட் ரன்னிங். இது பங்குச்சந்தையிலிருந்து வந்த சொல். வாடிக்கையாளரின் பெரிய ஆணையை வைத்துக்கொண்டு தரகர் தமக்கென முதலில் வாங்குவதைக் குறித்தது. இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2003ஆம் ஆண்டு விதிமுறைகள் இதைத் தடைசெய்கின்றன. தமிழில் 'முன்னோட்டம்' என்பது பொருந்தாது. அது திரைப்பட முன்னோட்டத்துக்கே நிலைத்துவிட்டது. பிறரைப் பின்தள்ளி முந்திக்கொள்ளும் குறிப்பு தெளிவாக இருப்பதால் 'முந்துவணிகம்' என்பதே தகும்.

பரவலாக்கப்பட்ட கிரிப்டோ சந்தைகளில் தரகர் இல்லை. ஆயினும் முந்துவணிகம் அங்கேதான் தழைத்தது. எத்தீரியம் என்னும் தொகுதிச்சங்கிலியில் (பிளாக்செயின்) ஒருவர் அனுப்பும் பரிவர்த்தனை, பரிவர்த்தனைகளைத் திரட்டிப் பதிவுசெய்யும் தொகுதியில் ஏறும்வரை மெம்பூல் என்னும் காத்திருப்பிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி நிற்கிறது. அங்கே முன்னிடம் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் தருபவருக்கே கிடைக்கிறது. எத்தீரியத்தில் இயங்கிய ஈதர்டெல்டா என்னும் பரிமாற்றத் தளத்தில் ஆணைப் புத்தகம் (காத்திருக்கும் ஆணைகளின் பட்டியல்) சங்கிலிக்கு வெளியே இருந்தாலும், ஆணையை ரத்து செய்வதற்கும் சங்கிலியில் ஒரு பரிவர்த்தனை தேவைப்பட்டது. அந்த ரத்தைக் கண்ட பாட் (தானியங்கி நிரல்), அதிகக் கட்டணம் கொடுத்துப் பழைய விலையிலேயே ஆணையை எடுத்துக்கொள்ள முடிந்தது.

2018இல் வந்த யூனிஸ்வாப் என்னும் பரிமாற்றத் தளம், ஆணைப் புத்தகத்தையே நீக்கி, இரண்டு நாணயங்களின் இருப்பைப் பெருக்கினால் வரும் தொகை மாறாதிருக்கும்படி விலையை வகுத்தது. அங்கும் சிக்கல் தீரவில்லை. 100 ஈதரும் (எத்தீரியத்தின் நாணயம்) 2,00,000 யுஎஸ்டிசியும் (டாலர் மதிப்பை ஒட்டிய நாணயம்) உள்ள ஒரு குளத்தில், அதாவது நாணய இருப்பில், கட்டணத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 20,000 யுஎஸ்டிசி தருபவருக்கு 9.09 ஈதர் கிடைக்க வேண்டும். பாட் ஒன்று 10,000 யுஎஸ்டிசிக்கு முதலில் வாங்கிவிட்டால் அவருக்கு 8.28தான் மிஞ்சும்; பின்னர் பாட் தன் ஈதரை விற்று ஏறத்தாழ 1,940 யுஎஸ்டிசி ஆதாயம் பெறும். வாங்குபவரை இரு புறமும் நெருக்குவதால் இதைச் சாண்ட்விச் தாக்குதல் என்கிறார்கள். ஏற்கத்தக்க விலைச் சறுக்கலுக்கு (எதிர்பார்த்த விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு) அவர் குறுகிய வரம்பு வைத்திருந்தால் பரிவர்த்தனை தோற்றுப்போகும், ஆனால் அதற்கான கட்டணம் மட்டும் திரும்ப வராது.

மெம்பூலுக்குச் செல்லாமல் தனி வழியில் அனுப்பினால் பாட்களின் பார்வையிலிருந்து ஆணை மறையும். ஆனால் தொகுதியைக் கட்டுபவரை நம்பியே ஆக வேண்டும். கவ்ஸ்வாப் போன்ற பரிமாற்றத் தளங்கள் ஆணைகளைச் சேர்த்து ஒன்றாகத் தீர்க்கும் தொகுப்பேல முறையோ, ஒரே தொகுப்பில் வரும் ஒரே நாணய இணைகளின் ஆணைகளை ஒரே விலையில் தீர்ப்பதால், யார் முதலில் நிற்கிறார் என்பதன் மதிப்பையே குறைக்கிறது. எனக்கு இதுவே கூடுதல் நேர்மையான வழியாகப் படுகிறது.