நகரும் ஜாவை நம்பிச் சிறு துண்டைப் பிடிக்காதீர்கள்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளில் கையால் இயக்கும் மில்லிங் இயந்திரத்தில் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் இயந்திரம்) நெடுநாளாக வேலை செய்து வருகிறேன். பாலக்கோடு, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து ஐ.டி.ஐ. முடித்து வரும் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. இயந்திரத்தை ஓட்ட எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். துண்டைச் சரியாகப் பிடிக்கத்தான் தாமதமாகிறது. நான் பார்த்த விபத்துகளிலும் ரிஜெக்ட் ஆன வேலைகளிலும் பெரும்பாலானவை, துண்டை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் வைஸில் தொடங்கியவையே.

முன்பு நான் இருந்த ஒரு பட்டறையில் 15 மி.மீ. அகலமுள்ள துண்டு ஒன்றை 150 மி.மீ. வைஸின் வலது ஓரத்தில் மட்டும் வைத்து இறுக்கியிருந்தார்கள். ஓரத்தில் மட்டும் பிடித்தால் நகரும் ஜா (வைஸின் இரு தாடைகளில் ஸ்குரூவால் நகர்வது; மற்றது நிலையான ஜா) லேசாகக் கோணிக்கொள்ளும். கைப்பிடியில் இறுக்கம் தெரியும், ஆனால் துண்டின் ஒரு விளிம்பு மட்டுமே பிடிபட்டிருக்கும். கட்டர் பட்டதும் துண்டு பிடுங்கிக்கொண்டு பறந்து, தகரச் சுவரில் பள்ளம் விழுந்தது. பேரலல் (துண்டுக்கு அடியில் வைக்கும் மட்டமான எஃகுப் பட்டை) எடுக்கக் குனிந்திருந்ததால் நான் தப்பித்தேன். துண்டை வைஸின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தே ஆகவேண்டும் என்றால், அதே தடிமனுள்ள இன்னொரு துண்டை மறு ஓரத்தில் வைத்து இறுக்குங்கள்.

துண்டு சதுரமாக வராததற்கும் காரணம் அந்த நகரும் ஜாதான். வைஸின் ஸ்குரூ கீழே இருக்கிறது, துண்டு மேலே இருக்கிறது. எனவே இறுக்கும்போது நகரும் ஜா சற்றே மேலே தூக்கி, துண்டின் அந்தப் பக்கத்தையும் பேரலலிலிருந்து கிளப்பிவிடுகிறது. நிலையான ஜா அசைவதில்லை. ஆகவே மட்டத்துக்கு ஆதாரம் அது ஒன்றே.

அந்த நிலையான ஜாவே நேராக நிற்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். பலரும் டயலை (நுண்ணிய மேடுபள்ளத்தை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்து டேபிளை இடவலமாக ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். காடி (நீளப் பள்ளம்) வெட்டுவதற்கு அது தேவை. ஆனால் கட்டையின் பக்கங்களை ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் கொண்டுவருவதற்கு ஜாவின் செங்குத்துதான் முக்கியம்; டயலை ஜாவில் தொடவைத்து, டேபிளைத் தாங்கி மேலும் கீழும் நகரும் ‘நீ’ (knee) என்ற பாகத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தால்தான் அது தெரியும். 25 மி.மீ. உயரத்தில் 50 மைக்ரான் (0.05 மி.மீ.) சாய்வு இருந்தால், 100 மி.மீ. உயரத்தில் அது 0.2 மி.மீ. ஆகிவிடும். சாய்வு தெரிந்தால் வைஸைக் கழற்றி அடிப்பாகத்தைத் துடைத்துப் பாருங்கள். பலமுறை அங்கே ஓர் இரும்புச் சீவல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி, கட்டையின் ஆறு பக்கங்களையும் வெட்டும் வரிசை. முதலில் பெரிய பக்கத்தை மட்டமாக்கி, விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை எடுத்து, அந்தப் பக்கத்தை முதல் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை நிலையான ஜாவோடு சேர்த்து, நகரும் ஜாவுக்கும் துண்டுக்கும் இடையில் 10 அல்லது 12 மி.மீ. பித்தளை உருண்டைக் கம்பியைப் படுக்கவைத்து இறுக்குங்கள். கம்பி ஒரே கோட்டில் தொடுவதால், வெட்டாத எதிர்ப்பக்கம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் முதல் பக்கம் நிலையான ஜாவில் முழுமையாகப் படியும். கம்பி, பிடிபட்ட உயரத்தின் ஏறத்தாழ நடுவில் இருக்க வேண்டும். இப்படி இரண்டாம் பக்கத்தை வெட்டியபின், முதல் பக்கம் நிலையான ஜாவிலேயே இருக்க, இரண்டாம் பக்கத்தைப் பேரலல் மேல் வைத்து, கம்பியோடே மூன்றாம் பக்கத்தை வெட்டுங்கள். நான்காம் பக்கத்துக்கு முதல் பக்கம் கீழே போகும். ஜாக்கள் தொடும் இரண்டு பக்கங்களும் இப்போது இணையாக இருப்பதால் கம்பி தேவையில்லை. கடைசி இரண்டு முனைகளுக்குத் துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) வைஸின் தளத்தில் ஊன்றி, இடையில் ஒளி கசிகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒரு முனை வந்துவிட்டால் அதைப் பேரலலில் கவிழ்த்து மறுமுனையை வெட்டிவிடலாம்.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பிசிறு எடுக்காமல் வைக்காதீர்கள். “அண்ணா, கண்ணுக்கே தெரியாத பிசிறு அது” என்று ஒரு தம்பி சொன்னபோது, நான்கு மூலைகளிலும் துண்டுக்கும் பேரலலுக்கும் இடையில் மெல்லிய காகிதக் கீற்றுகளை வைத்து இறுக்கி, நைலான் சுத்தியலால் தட்டச் சொன்னேன். மூன்று கீற்றுகள் இழுத்தும் வரவில்லை. நான்காவது வழுக்கிக்கொண்டு வந்தது. அந்த மூலையை அரத்தால் தேய்த்தபின் நான்கும் நின்றன. இறுக்கியபின் தட்டி, பேரலல் கையில் அசையாததை உறுதிசெய்த பிறகு கைப்பிடியை மறுபடி இறுக்கக் கூடாது. இறுக்கினால் துண்டு திரும்பவும் எழும்பும்.

வெட்டும் திசையிலும் கவனம் வேண்டும். வெட்டும் இடத்தில் கட்டர் பல் போகும் திசையும் டேபிள் நகரும் திசையும் ஒன்றாக இருந்தால், பழைய இயந்திரத்தின் லீட் ஸ்குரூவில் (டேபிளை நகர்த்தும் திருகில்) உள்ள ஆட்டம் முழுவதையும் கட்டர் எடுத்துக்கொண்டு துண்டைத் தன்பக்கம் இழுத்துவிடும். சிறு துண்டுக்கு எதிர்த்திசைதான் பாதுகாப்பு.

கண்ணாடி இல்லாமல் நிற்காதீர்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் கண் பாதுகாப்புக்கென்றே 35-ஆம் பிரிவை வைத்தது. சுழலும் கட்டருக்கு அருகில் கையுறையும் பஞ்சுக் கழிவும் வேண்டாம், இரண்டையும் கட்டர் சுருட்டி விரலோடு இழுக்கும். சீவலை, கட்டர் முழுவதும் நின்றபின் பிரஷால் மட்டுமே தள்ளுங்கள். வைஸ் கைப்பிடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள்.