ஃபைல் கேட்கும் வெப்சைட்டுக்கு ஃபோல்டரைக் கொடுக்காதீர்கள்

போன வாரம் குடியாத்தத்துக் கைலி வியாபாரி ஒருவர் லேப்டாப்போடு சத்துவாச்சாரியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். பிடிஎஃப் சைஸைக் குறைத்துத் தரும் ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருக்கிறார். "இன்னாவோ பர்மிஷன் கேட்டுச்சு தம்பி, நானும் குடுத்துக்கினே வந்துட்டேன். இப்ப பயமா இருக்குது."

கொடுத்தது 'கணக்கு' என்ற ஃபோல்டர் முழுவதையும். உள்ளே ஜிஎஸ்டி பில்கள், பேங்க் ஸ்டேட்மென்ட், பான் கார்டு ஸ்கேன், மகள் கல்யாணச் செலவு, எல்லாம். சைஸ் குறைக்க வேண்டியிருந்தது ஒரே ஒரு பில்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு இதே தலைவலி ஜாவா ஆப்லெட்டாக, அதாவது பிரவுசருக்குள் ஓடும் குட்டி புரோகிராமாக, வரும். ஆன்லைன் டெண்டர் போடும் கான்ட்ராக்டர்கள் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யுஎஸ்பி டோக்கனைச் சொருகினால், 'ரன்' கொடுக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். எழுதியவரின் டிஜிட்டல் கையொப்பம் உள்ள ஆப்லெட்டுக்கு ரன் கொடுத்துவிட்டால், கம்ப்யூட்டரில் நீங்கள் தொடக்கூடியதை எல்லாம் அதுவும் தொடும். அந்தக் கையொப்பம் ஆப்லெட்டை எழுதியது யார் என்றுதான் சொல்லும், நல்லவரா என்று சொல்லாது. 2015-ல் குரோமும், 2017-ல் ஃபயர்ஃபாக்ஸும் இந்த ஆப்லெட்டுகளை ஓட்டும் ஜாவா பிளக்இன்னைக் கைகழுவின.

சரி, தொல்லை விட்டது என்று பார்த்தால், 2020-ல் குரோம் 86 வேறு கதவைத் திறந்தது. இப்போது தளமே உங்கள் ஃபோல்டரைக் கேட்கலாம். கேட்பது இரண்டு விதம். முதல் பெட்டி 'பார்க்கலாமா' என்று கேட்கும். அடுத்தது 'மாற்றங்களைச் சேமிக்கலாமா' என்று கேட்கும். இரண்டாவதுக்குச் சரி சொன்னால் அந்த ஃபோல்டரிலும் அதன் உள்ஃபோல்டர்களிலும் இருக்கும் எதையும் அந்தத் தளம் திருத்தலாம், அழிக்கலாம். பழைய பதிப்பு ரீசைக்கிள் பின்னில் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். கூகுள் டிரைவோடு சிங்க் ஆகும் ஃபோல்டர் என்றால், கெட்டுப்போன ஃபைலே டிரைவிலும் போய் உட்காரும். விண்டோஸ் ஃபோல்டர் மாதிரியானவற்றைக் குரோமே தடுத்துவிடும். ஆனால் உங்கள் 'கணக்கு' ஃபோல்டர் முக்கியமானது என்று அதற்கு எப்படித் தெரியும்?

போட்டோ எடிட்டர், புரோகிராம் எழுதும் கருவி போன்றவற்றுக்கு இந்த வசதி நிஜமாகவே தேவை. ஒரு பில்லைச் சுருக்க ஃபோல்டர் எதற்கு? தளம் நம்பகமானதா என்று எனக்குத் தினமும் போன் வருகிறது. அதைவிட, கேட்கிற வேலைக்கு இவ்வளவு வேண்டுமா என்று பார்ப்பது சுலபம்.

கைலி வியாபாரி அண்ணனின் ஃபைல்கள் அப்படியே இருந்தன. தளம் எதையாவது படித்து எடுத்துக்கொண்டு போனதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. முகவரிக்கு இடதுபக்கம் இருக்கும் ஐகானைத் தட்டி அனுமதியை நீக்கினேன். அந்தத் தளத்தின் டேப்களை எல்லாம் மூடினாலும் அனுமதி போய்விடும், 'ஒவ்வொரு முறையும்' என்று கொடுக்காமல் இருந்தால்.

அப்புறம் காலியாக ஒரு ஃபோல்டர் போட்டுக் கொடுத்தேன். இனிமேல் எந்தத் தளம் கேட்டாலும், வேண்டிய ஃபைலின் நகலை மட்டும் அதில் போட்டு, அதையே காட்ட வேண்டும். பெயர் என்ன வைக்கட்டும் என்றேன்.

"திண்ணைன்னு வை தம்பி" என்றார்.