மது, போதைப்பொருள் பழக்கத்துக்கு அரச சிகிச்சை: யாழ்ப்பாணத்தில் எங்கே, எப்படிப் பெறுவது?

மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையான ஒருவர் அதிலிருந்து மீள விரும்பினால், ஏனைய நோய்களுக்குக் கிடைப்பது போலவே அதற்கான சிகிச்சையும் இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இதற்குப் பொலிஸ் முறைப்பாடோ, நீதிமன்றக் கட்டளையோ, கிராம அலுவலரின் கடிதமோ தேவையில்லை. இதை அறியாத குடும்பங்கள் வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணத்தைத் தனியார் நிலையங்களுக்குக் கட்டுகின்றன; அல்லது மகனைப் பொலிஸார் பிடித்தால்தான் ஒரு வழி பிறக்கும் என்று காத்திருக்கின்றன. அப்படிக் காத்திருக்கவே கூடாது. தானாகச் செல்பவருக்குரிய வழியும் நீதிமன்றம் அனுப்புபவருக்குரிய வழியும் முற்றிலும் வேறானவை.

யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலச் சேவை உண்டு. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, குடியை அல்லது போதைப் பழக்கத்தை விடுவதற்கு உதவி வேண்டும் என்று வைத்தியரிடம் சொன்னால், அவர் உளநலக் கிளினிக்குக்கு அனுப்பிவைப்பார். வீட்டுக்கு அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வைத்தியரும் கடிதம் தந்து அனுப்பலாம். எதை, எவ்வளவு காலமாக, நாளொன்றுக்கு எவ்வளவு எடுக்கிறார், கடைசியாக எப்போது எடுத்தார் என்று கேட்பார்கள். அடுத்த கதிரையில் தெரிந்த ஒருவர் இருந்துவிட்டால் அரைப் போத்தல் குடிப்பவரும் கால் போத்தல் என்றே சொல்லிவிடுவார். மருந்தின் அளவு இந்தப் பதிலைக் கொண்டே தீர்மானிக்கப்படுவதால் அப்படிக் குறைத்துச் சொல்வது ஆபத்தானது. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

குடிப்பவர்களின் குடும்பத்தினர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. நீண்ட காலமாக நாள்தோறும் குடித்தவர், கோயிலில் சத்தியம் செய்துவிட்டோ மனைவியின் கண்ணீருக்கு இரங்கியோ ஒரே நாளில் குடியை நிறுத்தும்போது உயிராபத்து ஏற்படலாம். காலையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குவதும், ஒரு மிடறு சாராயமோ கசிப்போ உள்ளே போனதும் அந்த நடுக்கம் அடங்குவதும் உடல் மதுவுக்குப் பழகிவிட்டதன் அடையாளங்களாகும். அத்தகையவர் குடியை நிறுத்திய 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் வியர்வை, நடுக்கம், வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் சிலருக்குக் காய்ச்சலுடன் சித்தக் குழப்பம் ஏற்படும். சுவரில் பூச்சி ஊர்வதாகவும், யாரோ தன்னைக் கொல்ல வருவதாகவும் சொல்வார்கள். இதைப் பேய் பிடித்ததாக எண்ணி நூல் கட்டக் கொண்டுபோகும் ஒவ்வொரு மணித்தியாலமும் உயிரோடு விளையாடுவதாகும். உடனடியாக 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாட்டில் சில நாட்களுக்கு டயசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதுடன், மூளையைக் காக்கத் தயமின் என்னும் விட்டமின் பி1ஐயும் கொடுப்பார்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், அடுத்த முறை நிறுத்துவதற்கு முன்னரே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

ஹெரோயினை நிறுத்துபவருக்கு உடல் உளைவு, வயிற்றோட்டம், நித்திரையின்மை என்பன முதல் 2, 3 நாட்களில் உச்சமடைந்து சுமார் ஒரு வாரத்தில் தணியும். ஐஸ் போதைப்பொருளை நிறுத்தியவரிடம் கடுமையான மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைதூக்கலாம் என்பதால் அவரைத் தனியே விடக்கூடாது. வைத்தியரின் சிட்டையின்றிப் போதைக்காக விழுங்கப்படும் மாத்திரைகள் பல வகையானவை. அவற்றின் வெற்று அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினால் வைத்தியரின் வேலை எளிதாகும்.

உடலிலிருந்து போதை நீங்குவது சிகிச்சையின் தொடக்கம் மட்டுமே. ஏன் குடித்தார், எந்த நேரத்தில் மனம் அவாவுகிறது, எந்த நண்பருடன் போனால் தடுமாறுகிறார் என்பவற்றைப் பேசி ஆராயும் உளவளத்துணை மாதக்கணக்கில் தொடர வேண்டும். கிளினிக் கொப்பியில் எழுதித்தரும் திகதிக்குத் தவறாமல் செல்வது முக்கியம். பிரதேச செயலகங்களில் பணியாற்றும் உளவளத்துணை உத்தியோகத்தர்களை, அடிமையானவர் வர மறுக்கும்போது குடும்பத்தினர் மட்டும் சென்றும் சந்திக்கலாம். பெரும்பாலான வீடுகளில் முதல் அடியை எடுத்துவைப்பவர் தாயோ மனைவியோதான். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இச்சபைக்குத் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் உள்ளன. அங்கு செல்ல விரும்புவோர், தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் இருக்கிறாரா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். மனம் திறந்து பேசுவதே மருந்தாக இருக்கும் இடத்தில் மொழி சிறிய விடயமன்று.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், ஆபத்தான ஔடதங்களில், அதாவது போதைப்பொருளில், தங்கியிருப்போருக்கான சிகிச்சையையும் புனர்வாழ்வையும் பற்றியது. விரும்பி வருபவருக்கான சிகிச்சைக்கும், அரச வைத்தியரின் பரிசோதனைக்குப் பின்னர் நீதவானின் கட்டளைப்படி அளிக்கப்படும் கட்டாயச் சிகிச்சைக்கும் அது இடமளிக்கிறது. நீதிமன்றம் அனுப்புவோரைத் தங்கவைக்கும் கந்தகாடு, சேனபுர ஆகிய நிலையங்கள் புனர்வாழ்வுப் பணியகத்தின் கீழ் இயங்குபவை. அப்பணியகத்துக்கு 2023ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் தனிச் சட்ட அடிப்படையை வழங்கியது. 2009இன் பின்னர் முன்னாள் போராளிகளைத் தடுத்துவைத்த முகாம்களும் புனர்வாழ்வு நிர்வாகத்தின் கீழேயே இருந்தமையால், சிகிச்சை என்ற பேச்சை எடுத்ததும் இங்குள்ள பெற்றோர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆயினும் வைத்தியசாலைக் கிளினிக்குக்குத் தானாகச் செல்பவர் அந்த வழியில் செல்பவரல்லர். அவர் ஒரு நோயாளி. அவருடைய விபரங்களை இரகசியமாகப் பேண வைத்தியர் கடமைப்பட்டவர். சிகிச்சை கேட்பது குற்றமன்று. ஆனால் போதைப்பொருளை வைத்திருப்பது குற்றம். ஆகவே எஞ்சியிருப்பதைக் கையோடு எடுத்துச் செல்லாதீர்கள்.

போதைப்பொருள் சிகிச்சை நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்பதும் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. தனியார் நிலையம் ஒன்றில் சேர்க்க முன்னர் அந்தப் பத்திரத்தைக் காட்டுமாறு கேளுங்கள். வைத்தியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்றும், குடும்பத்தினர் நேரில் வந்து பார்க்கலாமா என்றும் கேளுங்கள். அடித்துத் திருத்துவோம் என்று சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். அடியும் சங்கிலியும் எந்தச் சிகிச்சை முறையிலும் இல்லை.

சிகிச்சை முடிந்தவர் மீண்டும் ஒருநாள் எடுத்துவிட்டால், அதே கிளினிக் கொப்பியுடன் அடுத்த நாளே செல்லலாம். அதற்காக யாரும் திருப்பி அனுப்பக்கூடாது. ஹெரோயின் எடுத்தவர்கள் விடயத்தில் குடும்பத்தினர் மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும். சில வாரம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அவர் எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்திருந்தால், பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990ஐ அழையுங்கள். என்ன எடுத்தார் என்பதை அம்புலன்ஸில் வருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.