மெய்டன் நேம்: ‘கன்னிப் பெயர்’ ஏன் பொருந்தாது?

மென்பொருள் படிவங்களைத் தமிழாக்குவோர் ‘மெய்டன் நேம்’ என்ற புலத்துக்குக் (நிரப்ப வேண்டிய கட்டத்துக்குக்) ‘கன்னிப் பெயர்’ என்று எழுதுவதை இனியும் ஏற்பதற்கில்லை. ‘மெய்டன்’ மணமாகாத பெண்ணைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். திருமணத்தால் மாறுவதற்கு முன் ஒருவருக்கு இருந்த பெயரே மெய்டன் நேம்.

தமிழில் ‘கன்னி’ அடைமொழியாக வரும்போது ‘முதல்’ என்ற பொருளைத் தந்துவிடுகிறது. சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் முதன்முறை பேசுவது கன்னிப்பேச்சு. முதல் முயற்சி கன்னிமுயற்சி. அவ்வழக்கில் பழகியவர் ‘கன்னிப் பெயர்’ என்பதை ‘முதற்பெயர்’ என்று எடுத்துக்கொண்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. பேரன் பேத்தி எடுத்த பெண்ணிடமும் மருத்துவமனைப் படிவம் இதையே கேட்கும் என்பதை எண்ணினால் அதன் அநாகரிகமும் புரியும். மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எஃப்.எச்.ஐ.ஆர். தரமோ, ‘மெய்டன்’ என்ற சொல் பாலினம் சார்ந்ததன்று என்றே வரையறுக்கிறது. மனைவியின் குடும்பப் பெயரை ஏற்ற ஆணுக்கும் இப்புலம் உரியது. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுபவர்கள், அந்தப் புலம் எதைக் கேட்கிறது என்று ஒருமுறையேனும் பார்க்க வேண்டாமா?

‘பிறப்புப் பெயர்’ என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. வம்சாவளித் தரவுக்கான ஜெட்காம் தரம் பிறப்பில் இட்ட பெயரையும் மணத்துக்கு முந்தைய பெயரையும் தனித்தனி வகைகளாக வைத்திருக்கிறது. தத்தெடுக்கப்பட்டவருக்கு இவை இரண்டும் வேறாகலாம்.

பெயரைப் பிரிக்கும் நிரல்களும் இங்கே தடுமாறுகின்றன. பைத்தான் நிரல்மொழியின் ‘நேம்பார்சர்’ என்ற ஆயத்த நிரல்தொகுப்பு அடைப்புக்குறிக்குள் வருவதை நிக்நேம் என்று கொள்ளும். வம்சாவளி எழுதுவோர் அடைப்புக்குறிக்குள் இடுவதோ மணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரை. கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரை ‘கிரேஸ் (முர்ரே) ஹாப்பர்’ என்று உள்ளிட்டால் பிறந்த குடும்பத்தின் பெயரான முர்ரே நிக்நேம் ஆகிவிடும். ‘அமேசிங் கிரேஸ்’ என்பதே அவருக்கு வழங்கிய நிக்நேம். நிக்நேம் புலத்தைப் ‘பட்டப்பெயர்’ என்று தமிழாக்கினால் குழப்பம் இரட்டிக்கும். ‘கலைஞர்’ போன்ற சிறப்புப் பட்டங்களையும் தமிழர் அப்படித்தானே சொல்கிறோம். ‘கூப்பிடும் பெயர்’ என்பது எல்லார் வாயிலும் உள்ளது, நிக்நேமுக்கு அதுவே போதும்.

மெய்டன் நேமுக்கு என் பரிந்துரை ‘மணத்துக்கு முந்தைய பெயர்’. நீளம் என்பார்கள், தெளிவுக்காகச் சில எழுத்துகள் கூடுவதில் தவறில்லை. மணத்துக்குப்பின் தந்தையின் இனிஷியலை விட்டுக் கணவரின் இனிஷியலுக்கு மாறிய தமிழ்ப் பெண், இந்தச் சொல்லைக் கண்டால் தம் பழைய இனிஷியலோடு பெயரை யாரையும் கேட்காமல் நிரப்பிவிடுவார்.