போர்ட்: புழையும் புழைக்கோணமும்

டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் சிலிண்டரைக் கழற்றி உள்ளே பார்த்தால் சுவரில் சில திறப்புகள் தெரியும். மெக்கானிக்குகள் அவற்றைப் ‘போர்ட்’ என்பார்கள். கேட்டதும் துறைமுகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டும் வேறு. துறைமுகத்தைக் குறிப்பது லத்தீன் ‘போர்ட்டுஸ்’ வழி வந்த சொல். எஞ்சின் போர்ட்டின் மூலச்சொல் ‘போர்ட்டா’, அதாவது வாயில். மரக்கப்பலின் பக்கவாட்டில் பீரங்கி நீட்ட வெட்டிய திறப்புக்கும், நீராவி எஞ்சினில் ஆவி புகும் வழிக்கும் இந்தப் பெயர்தான்.

ஆகவே இதற்குத் தமிழ்ச்சொல் தேடினால் ‘துறை’ ஒட்டாது. ‘துளை’ தவறில்லை, ஆனால் போல்ட் இறங்குவதும் துளைதானே? தமிழில் ‘புழை’ இருக்கிறது. துளை, சிறு வாயில் என்று இரண்டு பொருளும் அதற்கு உண்டு. யானையின் துதிக்கை புழைக்கை. வீட்டின் பின்வாசல் புழைக்கடை. பேச்சில் அது புழக்கடை ஆனது. இந்த எஞ்சினில் அந்த வாசலுக்குக் கதவு பிஸ்டனே. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை வெளிப்புழை என்றும், எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து பெட்ரோல்-காற்றுக் கலவை மேலேறும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டைக் கடத்துபுழை என்றும், கார்புரேட்டர் பக்கத்து இன்டேக் போர்ட்டை உட்புழை என்றும் சொல்லலாம்.

புழை எப்போது திறந்து எப்போது மூடுகிறது என்பதே ‘போர்ட் டைமிங்’. அதற்குப் ‘புழை நேரம்’ என்பது எனக்கு உவப்பில்லை. அங்கே அளப்பது நொடியை அல்ல, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் எத்தனை பாகை சுழல்கிறது என்பதை. ‘புழைக்கோணம்’ என்றால் வேலையும் சேர்ந்தே விளங்கும். கிராங்கில் பாகை குறித்த வட்டத் தட்டை மாட்டி, ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு தடுப்பை இறக்கி, பிஸ்டன் முட்டும் வரை இரு பக்கமும் கையால் சுழற்ற வேண்டும். இரு அளவுகளுக்கும் நடுப்புள்ளிதான் பிஸ்டனின் உச்சநிலை. தடுப்பை எடுத்துவிட்டு, அங்கிருந்து இறங்கும்போது வெளிப்புழையின் மேல்விளிம்பு எப்போது தெரிகிறது என்று பார்க்க வேண்டும். 95 பாகையில் தெரிந்தால், 360இல் அதன் இருமடங்கைக் கழிக்க, திறந்திருக்கும் அளவு 170 பாகை. கடத்துபுழை 120இல் திறந்தால் நடுவே 25 பாகை. புகையின் அழுத்தம் இறங்கக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் ரீபில்டில் இந்தக் கணக்கைக் குலைப்பது பெரும்பாலும் சிலிண்டருக்கு அடியிலுள்ள பேக்கிங். யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம், 50 மி.மீ. அதில் பேக்கிங்கின் தடிப்பு அரை மி.மீ. கூடினால் சிலிண்டர் அவ்வளவு உயர்ந்து, வெளிப்புழை ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக முந்தித் திறக்கும். மூடுவதும் அதே அளவு தாமதம். கடத்துபுழையோ சுமார் ஒன்றரைப் பாகை முந்தும், அங்கே பிஸ்டன் மெதுவாக நகர்வதால். 25 பாகை இடைவெளி சற்றுச் சுருங்கும். ஜாவா, யெஸ்டி போல உட்புழையையும் பிஸ்டனே மூடித் திறக்கும் வண்டிகளில் விளைவு தலைகீழ்: சிலிண்டர் உயர்ந்தால் உட்புழை திறந்திருக்கும் கோணம் குறைந்துவிடும். ஆர்எக்ஸில் கலவையை உள்ளே மட்டும் விடும் மெல்லிய தகடு, அதாவது ரீட் வால்வு, இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு.

போரிங் செய்த, அதாவது உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்திய சிலிண்டரில் புழை விளிம்புகளைச் சற்று மழுக்கிவிட வேண்டும். கூராக விட்டால் பிஸ்டன் ரிங் சிக்கி உடையும். கோணத்தை அளப்பது அதற்குப் பிறகே.