கொபௌ: அஸ்ஸாமின் மாநிலப் பூவுக்குத் தமிழில் என்ன பெயர்?

அஸ்ஸாமின் மாநில மலர் ‘கொபௌ ஃபூல்’. அண்டை மாநிலமான அருணாசலப் பிரதேசமும் இதே பூவைத்தான் தன் மாநில மலராகக் கொண்டிருக்கிறது. சித்திரை பிறக்கும் வேளையில் அஸ்ஸாமில் ரொங்காலி பிஹு கொண்டாடப்படும். அப்போது ஆட்டத்துக்கு வரும் பெண்கள் கொண்டையில் சூடுவது இப்பூச்சரத்தையே. வெண்மையில் ஊதாப் புள்ளிகள் தெளித்த சிறு பூக்கள், சில கொத்துகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை, ஒன்றையொன்று நெருக்கியபடி ஒரே காம்பில் தொங்கும். தொடுக்க வேண்டிய வேலையே இல்லை. செடியே சரமாகத் தொடுத்துத் தந்துவிடுகிறது. அஸ்ஸாமிய மொழியில் ‘கொபௌ’ என்பது புறாவையும் குறிக்கும்; ‘ஃபூல்’ பூ.

தமிழ்ச் செய்திகளில் இது பெரும்பாலும் ‘நரிவால் ஆர்க்கிட்’ என்று வருகிறது. ஆங்கிலப் பெயரின் நேர் பெயர்ப்பு அது. தொங்கும் கொத்தின் வடிவத்துக்குப் பொருந்துகிறது என்பதால் பிழையென்று தள்ள முடியாது. ஆனால் இதே செடிக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே பழைய பெயர் ஒன்று இருந்திருக்க, அதை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிவர வேண்டியதில்லை.

முதலில் ‘ஆர்க்கிட்’. கிரேக்கத்தில் ‘ஓர்கிஸ்’ என்றால் ஆணின் விதைப்பை. மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் தரையில் வளரும் சில ஆர்க்கிட் செடிகளுக்கு மண்ணுக்கடியில் இரட்டைக் கிழங்குகள் உண்டு. அவற்றின் வடிவத்தைக் கண்டு இட்ட பெயர் பின்னர் குடும்பம் முழுவதற்கும் பரவியது. கொபௌ செடிக்கோ கிழங்கே கிடையாது. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, தடித்த வேர்களைக் காற்றில் தொங்கவிட்டு வாழும் செடி அது. ஆக, குடும்பப் பெயர் இதன் உடலில் இல்லாத ஓர் உறுப்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தாவரவியல் பெயர் ‘ரைங்கோஸ்டைலிஸ் ரெட்டியூசா’. ‘ரைங்கோஸ்’ அலகு, ‘ஸ்டைலோஸ்’ தூண்: பூவின் நடுவில் ஆண், பெண் உறுப்புகள் ஒன்றிணைந்து நிற்கும் தூண் அலகு போலிருப்பதால் வந்த பேரினப் பெயர்; 1825இல் புளூம் என்னும் தாவரவியலாளர் இட்டது. ‘ரெட்டியூசா’ என்பது மழுங்கி, நடுவில் சிறு வெட்டுடன் இருக்கும் இலை நுனியைக் குறிக்கும் இலத்தீன் சொல். இவ்வளவு அழகிய பூவுக்கு இலை நுனியைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்களே என்று வியப்பவர்கள், அந்தப் பெயர் யாருடையது என்பதைப் பார்க்க வேண்டும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை ‘எப்பிடென்ட்ரம்’, அதாவது ‘மரத்தின்மேல் வாழ்வது’ என்னும் பேரினத்தில் சேர்த்து ‘எப்பிடென்ட்ரம் ரெட்டியூசம்’ என்று பெயரிட்டபோது, ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ நூலின் படத்தைச் சான்றாகக் காட்டினார்.

கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் மருத்துவர்களின் அறிவைத் துணைகொண்டு தொகுத்த நூல் அது. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பன்னிரண்டாம் தொகுதியில் இச்செடி ‘ஆன்ஜெலி மரவரா’ என்று பதிவாகியிருக்கிறது. டச்சுக்காரர் எழுத்தில் சிதைந்திருக்கும் இச்சொல் மலையாளத்தின் ‘ஆஞ்ஞிலி மரவாழ’. ஆஞ்ஞிலி, குமரி மாவட்டத்தார் அயினி என்று சொல்லும் மரம். மரவாழ, மரத்தின்மேல் வளரும் வாழை. அதே தொகுதியில் ‘பீட்டிமரம் மரவரா’, ‘பொன்னாம்பூ மரவரா’ என்று வேறு ஆர்க்கிட்களும் வருகின்றன. மரவாழை என்பது ஒரு செடியின் பெயராக நின்றுவிடாமல், ஒரு வகை முழுவதற்கும் பொதுச்சொல்லாக இருந்தது என்பதும், முன்னொட்டு அது தொற்றிய மரத்தையோ பூவின் தன்மையையோ கூறிப் பிரித்தது என்பதும் இதிலிருந்து தெளிவாகும்.

‘வாழை’ என்றால் பழம் தருவதல்லவா என்ற ஐயம் எழலாம். கல்வாழையில் எவரும் பழம் எதிர்பார்ப்பதில்லை. இலைச் சாயலைக் கொண்டு வேற்றுக் குடும்பச் செடிக்கு வாழை என்று பெயரிடுவது தமிழுக்குப் பழகிய வழக்கந்தான்.

தவிர்க்க வேண்டிய சொல் ஒன்றும் உண்டு. மரத்தில் ஒட்டி வளர்வதால் இதைப் ‘புல்லுருவி’ என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். புல்லுருவி தாங்கும் மரத்துக்குள் வேர்விட்டு அதன் நீரையும் சத்தையும் உறிஞ்சும்; கொபௌ மரத்தை இருப்பிடமாக மட்டுமே கொள்கிறது, மழையும் காற்றின் ஈரமும் அதன் வேரைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற திசுவில் தங்குகின்றன. நம் பள்ளிப் பாடநூல்கள் இத்தகையவற்றைத் ‘தொற்றுத் தாவரம்’ என்று கற்பிக்கின்றன. எடுத்துக்காட்டாக அவை சொல்லும் ‘வாண்டா’வும் வடமொழியின் ‘வந்தா’விலிருந்து போன பெயரே. ‘வந்தா’ மரத்தில் தொற்றி வளர்பவற்றைப் பொதுவாகக் குறித்த சொல்லாதலால், குழப்பத்தின் வேர் அங்கேயும் இருக்கிறது.

ஆகவே குடும்பம் முழுவதையும் பேசும் இடத்தில் ‘ஆர்க்கிட்’ என்றே எழுதலாம். தரையில் வளரும் ஆர்க்கிட்களை மரவாழை என்பது பொருந்தாது. மரத்தில் வளர்வனவற்றுக்கு ‘மரவாழை’. இச்செடிக்கு ‘அயினி மரவாழை’. ஆனாலும் அயினி மரத்தில்தான் வளரும் என்று பொருள் கொள்ளலாகாது, பிற மரங்களிலும் தாராளமாக வளரும். அஸ்ஸாமின் பிஹுவையோ மாநிலச் சின்னத்தையோ பற்றிய கட்டுரையில் அம்மக்களின் சொல்லான ‘கொபௌ’வை முதலில் வைத்து, ‘கொபௌ என்னும் அயினி மரவாழை’ என்று ஒருமுறை விளக்கிவிட்டு, அதன்பின் கொபௌ என்றே தொடரலாம்.