மூன்றரை லட்சம் செலவழித்த பிறகும் சேற்றில் நின்ற ஜீப்

போன ஐப்பசி மழையில் ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றிலிருந்து போன் வந்தது. மஹிந்திரா தார் வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டது, வர முடியுமா என்று கேட்டார்கள். போய்ப் பார்த்தால் வண்டி பார்க்கவே மிரட்டலாக இருந்தது. உடம்பை இரண்டு இஞ்ச் உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர், முன்னால் இரும்பு பம்பர், அதற்குள் கயிறு சுற்றி இழுக்கும் வின்ச், கூரையில் வரிசையாக விளக்குகள். எல்லாமாகச் சேர்த்து மூன்றரை லட்சம் ஆனதாக உரிமையாளர் சொன்னார். நான்கு சக்கரமும் ரிம் வரைக்கும் இறங்கி நின்றது.

டயரில் காற்றை அளந்தேன். 34 பிஎஸ்ஐ இருந்தது. நெடுஞ்சாலையில் போவதற்கான காற்று அது. நான்கிலும் 16க்கு இறக்கினேன். சக்கரங்களுக்கு முன்னால் குவிந்திருந்த சேற்றை மண்வெட்டியால் தள்ளிவிட்டு, வேகம் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ ரேஞ்சில் இரண்டாவது கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை உறுமவிடாமல் மெதுவாக எடுக்கச் சொன்னேன். வண்டி தானாகவே கரையேறியது. வின்ச்சைத் தொடவே இல்லை.

“அப்ப நான் போட்ட காசெல்லாம் வீணாங்களா?” என்று கேட்டார்.

“எல்லாம் வீண் இல்லைங்க. வரிசைதான் தப்பாயிடுச்சு” என்றேன்.

கோவையில் பதினேழு வருஷமாக நான்கு சக்கரமும் இழுக்கிற ஃபோர் பை ஃபோர் வண்டிகளுக்குப் பட்டறை வைத்திருக்கிறேன். லிஃப்ட் கிட்டும் வின்ச்சும் மாட்டிக் கொடுப்பது என் பிழைப்பு. ஆனாலும் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் ஒன்று கேட்பேன். உங்கள் வண்டி இதுவரை எங்கே நின்றது, எதனால் நின்றது? பதில் இல்லையென்றால் பெரிய செலவு எதையும் இப்போது செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நிற்காத வண்டிக்கு என்ன வைத்தியம் பார்ப்பது?

லிஃப்ட் கிட்டை எடுத்துக்கொள்வோம். அதிகம் பேர் கேட்பதும், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்வதும் அதைத்தான். ஸ்பிரிங்குக்கு மேலே இரண்டு இஞ்ச் ஏற்றினால் வண்டியின் உடம்பு இரண்டு இஞ்ச் உயரும். பின்னால் இருக்கிற ஆக்சிலும் அதன் நடுவே தொங்குகிற, இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக்கொடுக்கிற டிஃபரன்ஷியலும் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. கல்லில் முதலில் இடிப்பதும், சேற்றில் ஏர் போல உழுவதும் பெரும்பாலும் அதுதான். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். தாரில் வருகிற 255/65 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். “33 இஞ்ச்” என்று விற்கிற 285/70 ஆர்17 டயர் 831 மில்லிமீட்டர். வித்தியாசம் 42, தரைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் கூடுவது அதில் பாதி, 21 மில்லிமீட்டர். ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவழித்து வாங்கிய உயரம் ஒரு இஞ்ச்கூட இல்லை.

அந்த 21 மில்லிமீட்டருக்காக விட்டுக்கொடுப்பதையும் பார்க்க வேண்டும். டயர் 5 சதவீதம் பெரிதானதால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 84இல் போகிறது. எல்லா கியரும் கொஞ்சம் நீண்டுவிடுகிறது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் முன்பு இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது முதல் கியர் கேட்கும். கனமான டயரை நிறுத்த அதே பழைய பிரேக்தான் இருக்கிறது. தாரின் முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் என்பதால் உடம்பு உயர்ந்தால் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் மூட்டான சிவி ஜாயிண்ட் சாய்ந்தபடியே சுற்ற வேண்டியிருக்கும். ஆறேழு மாதத்தில் அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்த நிலையில் என்னிடம் வருகிற வண்டிகளில் முக்கால்வாசி ஸ்பிரிங்கோடு மலிவான ஸ்பேசர் துண்டு வைத்து ஏற்றியவைதான். வண்டியின் கனம் மேலே போவதால் வளைவில் சாய்வதும் கூடும். கம்பெனியிலிருந்து வரும்போதே தாருக்கு 226 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் இருக்கிறது, முன் பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய ஏறுகோணம் 41 டிகிரிக்கு மேல் இருக்கிறது. நம் ஊர்த் தோப்பு, வாய்க்கால், எஸ்டேட் பாதைகளில் முக்கால்வாசிக்கு இதுவே போதும்.

சரி, எதற்குச் செலவழிக்கலாம்? என் கையில் விட்டால் முதல் இருபதாயிரம் ரூபாய்க்குள் நான் வாங்குவது இவைதான்: நல்ல பிரஷர் கேஜ், பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர், வண்டிக்குப் பொருத்தமான, இழுக்கும்போது நீண்டுகொடுக்கிற கைனெடிக் கயிறு, அதை வண்டியோடு மாட்ட இரண்டு சாஃப்ட் ஷேக்கிள் (கயிற்று வளையம்), ஒரு மண்வெட்டி. காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் படுத்து மண்ணைப் பிடிக்கும். 16, 18 பிஎஸ்ஐயில் ஓட்டும்போது 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. சடாரென்று ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். ரோட்டுக்கு ஏறுவதற்கு முன் திரும்பக் காற்று நிரப்பியே ஆக வேண்டும். கம்ப்ரஸர் அதற்காகத்தான்.

அப்புறம் டயர். பெரிய டயரைச் சொல்லவில்லை, சரியான டயரைச் சொல்கிறேன். தாரின் கீழ் வகைக்குக் கம்பெனியே 245/75 ஆர்16 கொடுக்கிறது. 18 இஞ்ச் ரிம்மில் வருகிற டயரின் பக்கச்சுவர் 166 மில்லிமீட்டர் என்றால் இதில் 184. தரைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் 7 மில்லிமீட்டர் போகும், ஆனால் காற்று இறக்கும்போது மடங்கிக்கொடுக்க ரப்பர் கூடுதலாக இருக்கும்; கல்லில் ரிம் அடிபடுவதும் குறையும். பார்க்க எடுப்பாக இருக்காது என்று பலர் தயங்குகிறார்கள். காட்டுப்பாதையில் ஓட்டுகிறவர்கள் ஒருமுறை மாற்றினால் திரும்ப 18க்குப் போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பின்சக்கரம் வழுக்கினால் இரண்டையும் தானாகச் சேர்த்துப் பூட்டுகிற மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியல் உள்ள தாரை வைத்துக்கொண்டே, அதே வேலைக்கு வெளியே வாங்கி ஏர் லாக்கர் மாட்டச் சொல்லி வந்தவர்கள் உண்டு. அந்த லாக் பூட்டுவதற்கு இரண்டு பின்சக்கரங்களின் வேகத்திலும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வர வேண்டும். ஒரு சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் பயந்து காலை எடுத்துவிட்டால் அது பூட்டவே பூட்டாது. காலை எடுக்காமல் சீராக வைத்திருந்தால் ‘டக்’கென்று பிடித்து வண்டி நகரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியிடத்தில் பழகினால் போதும், லட்ச ரூபாய் மிச்சம்.

வின்ச்சைப் பற்றிப் பேசும்போது எனக்குக் காசைவிட உயிர்தான் முக்கியமாகப் படுகிறது. வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும் என்பது கணக்கு. 9,500 பவுண்டு என்று எழுதியிருந்தால் அந்தச் சக்தி டிரம்மில் கடைசி அடுக்குக் கயிறு மட்டும் இருக்கும்போதுதான் கிடைக்கும். மேலே அடுக்கடுக்காகக் கயிறு இருக்க இருக்கக் குறையும். முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் வரை இழுக்கும், பேட்டரி பழசானால் பாதியில் நின்றுவிடும். மரத்தில் கயிற்றை நேராகச் சுற்றக் கூடாது, அகலமான துணிப்பட்டை வேண்டும். தோப்புக்காரருக்கு எழுபத்தைந்தாயிரத்துக்கு வின்ச் விற்றவர்கள் அந்தப் பட்டையைத் தரவில்லை, சொல்லியும் கொடுக்கவில்லை. இழுக்கும்போது கயிற்றின் மேல் ஈரச் சாக்கோ கம்பளமோ போட வேண்டும், பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது.

டிரெய்லர் மாட்டுகிற உருண்டையில் கயிற்றைக் கட்டி ஒருபோதும் இழுக்காதீர்கள். இழுவிசையில் அது பிய்த்துக்கொண்டால் பீரங்கிக் குண்டு மாதிரி கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். வெளிநாடுகளில் இப்படி உயிர் போயிருக்கிறது. இரும்புச் சங்கிலியால் வெடுக்கென்று இழுப்பதும் அதே ஆபத்துதான். சேசிஸோடு போல்ட் போட்ட ஹூக்கில் மட்டும் மாட்டுங்கள்.

எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாயான ஸ்நார்க்கல் மாட்டினால் வெள்ளத்தில் போகலாம் என்று நினைக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதுதான் புத்திசாலித்தனம். ஸ்நார்க்கல் எஞ்சினுக்குப் போகிற காற்றை மட்டும்தான் மேலிருந்து எடுக்கும். கியர்பாக்ஸும் ஆக்சிலும் காற்று வாங்குகிற பிரீதர் குழாய்களையும் உயர்த்தாவிட்டால் ஆயிலோடு தண்ணீர் கலக்கும். தாருக்குக் கம்பெனி சொல்லும் அளவு 650 மில்லிமீட்டர், இரண்டடிக்குச் சற்று மேல். ஓடும் தண்ணீர் அதற்கும் குறைவான ஆழத்திலேயே வண்டியைப் புரட்டிவிடும்.

எடையை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இரும்பு பம்பர் 50 கிலோ, வின்ச் 40, பின் பம்பர் 35, கூரைச் சட்டம் 30, ஐந்து டயரில் கூடுவது 50. மூன்று ஆட்களை இறக்கவே இறக்காமல் எப்போதும் சுமந்துகொண்டு ஓட்டுவது போன்றது இது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. முன்னால் மாட்டுகிற புல் பார் என்ற இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோதலின் வேகத்தை அது மாற்றிவிடுவதால் ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம். நடந்து போகிறவர் மேல் பட்டால் பிழைப்பது கடினம். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு, லிஃப்ட் போட்டதைச் சொல்லவில்லை என்று விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் பணம் வரவில்லை. எதை மாட்டினாலும் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போனவர்களுக்குத் தெரியும். பாதை முழுக்கப் பாறை. விடியற்காலை இருட்டில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு அந்த ஓட்டுநர்கள் பழைய ஜீப்புகளில், ஒல்லி டயரில், பட்டை ஸ்பிரிங்கில் தினமும் ஏறி இறங்குகிறார்கள். சக்கரத்தை எந்தக் கல்லின் மேல் வைப்பது என்று அவர்களுக்குத் தெரியும்.

செலவு பலன் தந்த ஆளும் இருக்கிறார். தாண்டிக்குடிப் பக்கம் காபியும் மிளகும் வைத்திருப்பவர். மழைக்காலத்தில் தனியாகப் போவார், சிக்னல் கிடையாது. வண்டி நின்றால் அன்றைக்குப் பறிப்பும் நிற்கும், ஆட்களின் கூலி மட்டும் போகும். மூன்று மழைக்காலம் எங்கெங்கே நின்றது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் சேற்றுக்கான டயர், எஞ்சினுக்கு அடியில் காப்புத் தகடு, ஒரு வின்ச் என்று முடிவு செய்தோம். லிஃப்ட் போடவில்லை. அந்த நோட்டில் எந்த இடத்திலும் அதற்குத் தேவை வரவில்லை.

தோப்புக்காரர் போன மாதம் வந்திருந்தார். இரும்பு பம்பரைக் கழற்றிவிட்டு 16 இஞ்ச் ரிம்முக்கு மாறப்போகிறார். வின்ச்சை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தனியாகத் தோப்புக்குப் போகிறவர் என்பதால் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மரத்தில் துணிப்பட்டை கட்டி வின்ச்சால் இழுக்க அன்றைக்குப் பழகப்போகிறோம்.